ஈரக் கழிவு

சேரம்பாடியில் மழை நாளென்றால்
கூடைக்கு இரண்டு கிலோ கழிப்பேன்.
இலையில் ஒட்டிய தண்ணீருக்குத் தோட்டம் காசு தராது.
இருபத்தாறு வருடமாய் இந்தக் கொழுந்து மடுவத்தில்
தராசும் நான், பேரேடும் நான்.

அன்றைக்குப் பவளக்கொடி
கூடையோடு ஒரு கடிதத்தையும் தட்டில் வைத்தாள்.
"இதையும் நிறு."

அக்கரையிலிருந்து வந்தது.
டவுன் பேரை அவள் வாயால் சொல்வதில்லை.
விமலசேன என்று ஒருவர்,
யாரையோ வைத்துத் தமிழில் எழுதச் செய்திருந்தார்.
எண்பத்து மூன்றில் நகரசபையில் வரிக் குமாஸ்தா.
ராத்திரி நாலு பேர் வந்து கேட்டார்கள்.
தெருவாரியாக, கதவு எண்ணோடு
தமிழ்ப் பெயர்களை எழுதிக் கொடுத்தார்.
கார்பன் வைத்து மூன்று படி.
"நான் தீப்பெட்டியைத் தொடவில்லை" என்று ஒரு வரி.
அதை அடித்துவிட்டு,
அடித்தது தெரியும்படியே விட்டுவிட்டு,
கீழே:
"நான் பட்ட கடன் எவ்வளவு, சொல்லுங்கள்."

மழை விடவில்லை. லாரி வரவில்லை.
மடுவத்திலேயே வழக்கு தொடங்கிவிட்டது.

"கூட்டத்துக்குக் கண் கிடையாது,
இவன்தான் கண் கொடுத்தான்" என்றார்
யூனியன் செபமாலை.
"எழுதாட்டி அவன் வீடும் எரிஞ்சிருக்கும்" என்றாள் சந்தனம்.
"எரிஞ்சிருக்கட்டும்."
"நீ எரிய விட்டிருப்பியா?"
செபமாலை சட்டைப்பையில் பீடியைத் தேடினார்.
நெடுநேரம் தேடினார்.

"கழிச்சுப் பாப்போம்" என்றாள் சந்தனம்.
பயத்துக்கு எவ்வளவு.
மேலே இருந்தவன் உத்தரவுக்கு எவ்வளவு.
நாப்பது வருஷம் தூங்காததுக்கு எவ்வளவு
(தூங்கலேன்னு அவன்தானே சொல்றான், என்றார் செபமாலை).
"எல்லாம் போக மிச்சம் இருக்குமில்ல,
அதுதான் அவன் குத்தம்."

"கழிக்கிறது யாரு?"
பவளக்கொடி என்னைப் பார்த்துக் கேட்டாள்.
"நான் மன்னிச்சா என் பங்குதான் தீரும்.
அண்ணனுங்க ரெண்டு பேரோட பங்கு அவங்ககிட்ட இருக்கு.
கேட்டு வர ஆள் அனுப்ப முடியாது.
கோர்ட்டா? எந்த ஊர்க் கோர்ட்டு, செபமாலை?
அங்க நாங்க வந்தேறி. இங்க சிலோன்காரி."

நான் பேரேட்டைப் புரட்டுகிற பாவனையில் இருந்தேன்.
வரிசையின் கடைசியில் கெம்பி.
தினக்கூலிப் பணியர்களுக்கு என் பேரேட்டில் பெயரில்லை.
உள்ளூர்ப் பெண் ஒன்று, உள்ளூர்ப் பெண் இரண்டு.
எட்டாம் நம்பரில் புதுக்கன்று நட்ட வருஷம்
சரிவில் ஒன்பது குடிசைகள் இருந்தன.
படிவம் வந்தது, நிரப்பினேன்.
கார்பன் வைத்து மூன்று படி.
தீ இல்லை. சாவு இல்லை.
ஒரு நோட்டீஸ், ஒரு ஜீப்.
இரண்டும் ஒன்றல்ல.
ஒன்றென்று சொல்பவன்
பவளக்கொடியின் அண்ணன்களையும் மறைக்கிறான்,
கெம்பியின் அடுப்பையும் மறைக்கிறான்.
ஆனாலும் அந்த நீலக் கறையை அறிவேன்.
விரல் நுனியில் மூன்று நாள் இருக்கும்,
சோறு பிசையும்போது கண்ணில் படும்.

பதில் எழுதச் சொன்னாள்.
"அந்தப் பட்டியலை மறுபடி எழுதச் சொல்லு.
அதே தெரு வரிசையில, ஒரு பேர் விடாம.
மறந்திருந்தா வீடு வீடாப் போய்க் கேக்கட்டும்.
அன்னிக்குப் போடாத கையெழுத்தை
இப்ப அடியில போடணும்.
ஒரு படி எனக்கு, ஒண்ணு அந்த நகரசபைக்கு.
மூணாவது அவர் பேரப்பிள்ளைங்க கைக்கு எட்டுற இடத்துல.
மன்னிப்பை அப்புறம் பேசலாம்.
பேசாமலும் இருக்கலாம்."

"இது ஒரு தண்டனையா?" என்றார் செபமாலை.
"கெழவன் தாங்குவானா" என்றாள் சந்தனம்.
அவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

கொண்டையூசி வளைவில் லாரி ஹாரன் கேட்டது.
பவளக்கொடி கூடை பதினெட்டு.
கை பழக்கத்தில் பதினாறுக்குப் போனது.
அவள் நகராமல் நின்றாள்.
அவளுக்குப் பின்னால்
தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு
உள்ளூர்ப் பெண் இரண்டு.

அவள் பெயர் எனக்குத் தெரியும்.
எப்போதும் தெரிந்தேதான் இருந்தது.