வேறு ஏதாவது?

இருபத்தாறு வருடம் இறால் உரித்தேன்.
உரித்தேன் என்பதுகூடப் பொய்.
இயந்திரம் உரித்தது,
அது தவறவிட்டதை நான் பொறுக்கினேன்,
ஈரச் சிமெண்டில் நின்றபடி,
ரப்பர் பூட்ஸுக்குள் இரண்டு ஜோடிக் காலுறை.
ஓடுகள் வாய்க்காலில் சரிந்து போகும்.
எங்கே போகும் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

பெட்ரோல் நிலையத்தில்
நாய் பிஸ்கட்டுக்கும் தூண்டில் நரம்புக்கும் நடுவே
மஞ்சள் மூடி போட்ட புட்டி.
மூட்டுக்கு நல்லதாம்.
இயற்கையாம்.
இறால் ஓட்டிலிருந்து எடுத்ததாம்.
கடையிலேயே சிரித்துவிட்டேன்.
பழைய சம்பளப் பாக்கி
நூற்றிருபது மாத்திரையாக வந்து நிற்கிறது!

ஒரு நாளைக்கு மூன்று என்றிருந்தது.
நான் அவசரக்காரி, நான்கு.
முதல் வாரம் வயிறு கலங்கியது.
சாப்பிட்ட பின் விழுங்கினேன், அடங்கியது.
மூன்றாம் வாரம் முன்கையில் ஒரு நீலம்.
கதவில் இடித்திருப்பேன்.
தொடையில் இன்னொன்று, உள்ளங்கை அகலம்.
கதவு அங்கே எப்படி வரும்?
பல் தேய்த்துத் துப்பினால் இளஞ்சிவப்பு.
தூரிகை புதுசு, அதனால்தான் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்று சொல்ல மறந்தேன்.
என் நெஞ்சில் ஓர் உலோகக் கதவு,
ஒன்பது வருடமாக.
காற்றில்லாத இரவில் அதன் டிக் டிக் எனக்கே கேட்கும்.
அதில் ரத்தம் கட்டாமலிருக்க
தினமும் மாலை ஆறு மணிக்கு வார்ஃபரின்.
மாதம் ஒருமுறை விரல் நுனியில் ஊசி.

இந்த மாதம் ரான்வேய்க்
துளியைப் பார்த்தாள், கருவியைத் தட்டினாள்,
வேறு விரலில் மறுபடி குத்தினாள்.
மூன்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய எண்
ஐந்தைத் தாண்டி நின்றது.

புதிதாக மருந்து ஏதாவது, ஸ்டெய்ன்வோர்?
இல்லை.

பொய் சொல்லவில்லை.
மருந்துக் கடையில் வாங்கினால் மருந்து.
நாய் பிஸ்கட் பக்கத்தில் வாங்கியது
எப்படி மருந்தாகும்?

வேறு ஏதாவது? எண்ணெய், பொடி, மூலிகைத் தேநீர்?
மீன் எண்ணெய். பிறந்ததிலிருந்து.
சரி. வேறு?
கைக்குட்டை எடுக்கப் பையை நகர்த்தினேன்.
உள்ளே புட்டி கிலுகிலுத்தது.
நான் சொல்லாததை அது சொல்லிவிட்டது.

அவள் திட்டவில்லை.
புட்டியைத் திருப்பி, பின்பக்கத்து எறும்பெழுத்தை
நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.
ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள்
மருத்துவரைக் கேட்கவும்.
பெயர் மட்டும்தான் இல்லை,
மற்றபடி அது நான்.

ஓட்டுமீன் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவும்.
அது டைனோரா.
கொதிநீர் ஆவி பட்டே கண்ணிமை வீங்கி
இரண்டே வாரத்தில் வேலையை விட்ட
லித்துவேனியப் பெண்.
அவளுக்கும் இப்போது அறுபதிருக்கும்.
முழங்கால் வலித்தால்
எந்த ஊர்க் கடையில்
எந்த மூடியைத் திறக்கிறாளோ.

மாத்திரையை நிறுத்தச் சொன்னாள் ரான்வேய்க்.
வார்ஃபரினுக்கு இரண்டு நாள் ஓய்வு,
மூன்றாம் நாள் மறுபடி ஊசி.
என் மருந்து அட்டையின் கடைசி வரியில்
இறால் ஓடு என்று எழுதிக்கொண்டாள்.
வலி குறைந்ததா என்றும் கேட்டாள்.
யோசித்தேன். உண்மையாகவே தெரியவில்லை.
வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு அமர்ந்தால் குறைகிறது.
ஆனால் குளத்துக்கு மூடி இல்லை,
அதை யாரும் அலமாரியில் வைத்து விற்பதில்லை.

நீலங்கள் பச்சையாகி மஞ்சளாகிப் போயின.
முழங்கால் அப்படியேதான்.

நேற்று பெட்ரோல் நிலையத்தில் ஹ்யால்டி,
படகு எஞ்சின் பிரித்தே இடுப்பு தேய்ந்தவன்.
கையில் மஞ்சள் மூடி.
வேறு என்ன சாப்பிடுகிறாய் என்றேன்.
ஒன்றுமில்லை என்றான்,
நான் சொன்ன அதே வேகத்தில்.

சாலைக்குத் தூவும் உப்பு மூட்டை ஒன்று
வாசலோரம் கிடந்தது.
அதன் மேல் மெதுவாக உட்கார்ந்தேன்,
முழங்கால் இரண்டும் முனக.
யோசித்துச் சொல், ஹ்யால்டி.
எனக்கு அவசரமில்லை.