கதவைச் சாத்தட்டுமா

புரோகனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில்
சலவைக்கடையில் வேலை.
அதனால் எங்கள் இலக்கியம்
சோப்புத்தூள் வாசனையில் வளர்ந்தது.

கிரிம்ஸ்பியில் மே மாதம்.
யார் கதவைத் திறந்தாலும்
துறைமுகத்துக் காற்று முந்திக்கொண்டு வந்து
பெஞ்சில் உட்காரும், மீன்வாடையோடு.
தேர்வுக்கு இன்னும் பதினோரு நாள்.

எட்டு இயந்திரங்கள்.
அவற்றின் வட்டக் கண்ணாடியில்
ஆளுக்கொரு பாத்திரத்தை ஒட்டிவைத்தோம்.
சீமாட்டி கொதிநீரில் சுழன்றாள்.
அவள் மகன் யாருடைய காலுறைகளோடோ புரண்டான்.
கடன்காரனுக்குக் கிடைத்தது
பழுதான ஆறாம் எண்.
அவன் அசையவே இல்லை.

உலர்த்தியில் ஒரு பவுண்டு போட்டால்
நாற்பத்தைந்து நிமிடம்.
ஒரு கட்டுரைக்கும் அவ்வளவுதான் தருகிறார்கள்.
காசு விழும் சத்தம் கேட்டதும்
எழுத ஆரம்பிப்போம்.

கெஸையாவிடம் அட்டைகள்.
மஞ்சளில் மேற்கோள், இளஞ்சிவப்பில் உட்கருத்து,
பச்சை
எதற்கென்று அவளுக்கே மறந்துவிட்டது.

ஒலெக்குக்கு மட்டும் மனப்பாடம் ஏறவில்லை.
வரிகள் அவனிடம்
போலிஷ் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும்;
வருகிற வழியில்
இரண்டு சொல்லைத் தொலைத்துவிட்டு நிற்கும்.

தொலையாமல் வந்தது ஒன்றே ஒன்று.
இரண்டாம் அங்கம், வேலைக்காரி:
"கதவைச் சாத்தட்டுமா, அம்மா?"

நாடகம் முழுக்க அவளுக்கு
அந்த ஒரு வரிதான்.
பெயர்கூடக் கிடையாது.
பட்டியலின் கடைசியில், நாய்க்கு முன்னால்,
'ஒரு வேலைக்காரி'.

"இதுக்கு மார்க் போட மாட்டாங்க" என்றாள் கெஸையா.
"எனக்கு இதுதான் நிக்குது" என்றான் ஒலெக்.

யாருடையதோ ஒரு படுக்கை விரிப்பை
முனைக்கு முனை சேர்த்து மடித்தபடி
அவன்தான் கேட்டான்:
"அவளுக்கு யார் பதில் சொன்னது?"

புரட்டினோம்.
அடுத்த வரியில் மகன் மது கேட்கிறான்.
அதற்கடுத்து சீமாட்டி
புதைத்துவைத்த அந்தப் பழைய கதையைச் சொல்லத் தொடங்குகிறாள்.

"எங்கம்மா ஹோட்டலில் அறை துடைக்கிறாள்.
ஆட்கள் உள்ளே இருந்தால்
வெளியே வரும்போது இதையேதான் கேட்பாள்.
பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.
யாரும் சொல்லாமல் சாத்தினால் தப்பு.
சாத்தாமல் போனாலும் தப்பு."

புரோகன் கையில் சோப்புத்தூள் கரண்டி
அப்படியே நின்றது.

அப்படியென்றால்
இரண்டாம் அங்கம் முழுக்கக்
கதவு திறந்தே கிடக்கிறது.
மூன்றாம் அங்கத்தில்
ஊருக்கே தெரிந்துபோகிறது அந்த ரகசியம்.
ஏழு மாதமாக
நாங்கள் கடன்காரனைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

உலர்த்தி நின்றது.
யாரும் எழவில்லை.
ஒரு பெண்மணி வந்து
"அது என் விரிப்புதானே?" என்று வாங்கிப் போனாள்.
அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம்.
கெஸையா ஒரு பச்சை அட்டை எடுத்து
'கதவு' என்று எழுதினாள்.

தேர்வன்று விளையாட்டு அரங்கில்
நூற்று நாற்பத்திரண்டு மேசைகள்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நான்.
வினாத்தாளைத் திருப்பினால்
கேள்வி மகனைப் பற்றி.
அவன் பேராசையைப் பற்றி.

எனக்கு வயிறு ஒருமுறை புரண்டது,
எட்டாம் எண் இயந்திரம்போல.

பின்னால் காற்று தாள்களைக் கிளப்பியது.
அடையாள அட்டை மாட்டிய மேற்பார்வையாளர்
பொதுவாகக் கேட்டார்:
"கதவைச் சாத்தட்டுமா?"

நூற்று நாற்பத்தொரு தலைகள்
குனிந்தே இருந்தன.
கெஸையா உதட்டைக் கடித்தது எனக்குத் தெரிந்தது.
மூன்று வரிசை தள்ளி
ஒலெக் நிமிர்ந்து திரும்பினான்.

"சாத்துங்க. நன்றிங்க."
அரங்கம் முழுக்கக் கேட்கும்படி.

தேர்வில் பேசிய குற்றத்துக்கு
அவன் பெயரைக் கேட்டு,
எழுத்துக்கூட்டச் சொல்லி,
எழுதிக்கொண்டார்கள்.