வோ இஸ்ட் டெர் பான்ஹோஃப்

ரயிலே வராத கிருஷ்ணகிரியில்
செருப்புக் கடை மாடியில், இன்வெர்ட்டர் இரைச்சலுக்கு நடுவே
நாங்கள் முதலில் மனப்பாடம் செய்தது
ரயில் நிலையம் எங்கே என்ற கேள்வி.
வோ இஸ்ட் டெர் பான்ஹோஃப்.
ஹேமாவதி சொன்னால் ஜெர்மன் மாதிரி இருக்கும்.
நான் சொன்னால் பர்கூர் மாதிரி இருக்கும்.

ஓசூர் கம்பெனி எங்கள் இருவரையும்
பத்து நாள் பயிற்சிக்கு எடுத்தது.
அதில் ஒரு சனி, ஒரு ஞாயிறு எங்களுடையது.
அந்த இரண்டு நாளுக்கு நாங்கள் போட்ட திட்டத்தைப்
போருக்குப் போகிறவர்கள்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.
கூலன்ட் எண்ணெய் படிந்த கிராஃப் தாளில்,
இடைவேளை இடைவேளையாக:

சனி காலை ஃப்ரைபுர்க். பேராலயம்.
தெருவோரம் ஓடும் முழங்கை அகல வாய்க்கால்.
தெரியாமல் அதில் கால் வைத்தால்
அந்த ஊர் ஆளையே கட்டிக்கொள்ள நேருமாம்.
சாக்ஸ் இரண்டு ஜோடி கூடுதல் என்று எழுதிக்கொண்டோம்.
மதியம் டிட்டிசே ஏரி.
ஞாயிறு ட்ரிபெர்க் அருவி. தண்ணீர் விழுவதைப் பார்க்கக்
கட்டணம் உண்டு.
இரவு விடுதி, இரண்டு படுக்கை.
சாப்பாடு: தக்காளித் தொக்கு, பிறகு பார்க்கலாம்.

அவள் பாஸ்போர்ட் ஸ்டிக்கரோடு வந்தது.
என்னுடையது ஒரு கடிதத்தோடு.
கட்டம் போட்ட காரணங்களில் ஒன்றுக்கு டிக்.
திரும்பிப் போவீர்கள் என்பதில்
நியாயமான சந்தேகம் இருக்கிறது.
வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.
பால் வாங்கப் போனாலே
பத்தாவது நிமிடம் போன் அடிக்கிற வீடு.

போட்ட லீவை ரத்து செய்ய
இன்னொரு ஃபாரம் நிரப்ப வேண்டும்.
நிரப்பவில்லை.
அந்தச் சனிக்கிழமை தாளை நாலாய் மடித்துப்
பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையம் போனேன்.
எதற்கென்று கேட்காதீர்கள்.
தருமபுரி வண்டி நடத்துனரிடம்
வாய் தவறி அந்தக் கேள்விதான் வந்தது.
அவர் சில்லறை எண்ணியபடியே,
"பின்னாடி வண்டியில ஏறும்மா,
இது காவேரிப்பட்டணத்துல நிக்காது" என்றார்.

பென்னாகரம் தாண்டி மலை இறங்கும்போது
முதல் குரல் செய்தி.
அங்கே காலை ஒன்பது.
"கேளுடி" என்கிறாள், அப்புறம் பேசவில்லை.
மணிச் சத்தம் மட்டும், நாற்பது விநாடி.
"எந்தக் கோயில்?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.
"தூரத்துக் கோயில்."

ஒகேனக்கல்லில் பரிசலுக்கு நாலு பேர் கணக்கு.
நாலு பேர் காசையும் நானே கொடுத்தேன்.
இன்னொருவர் வியர்வை காயாத ஆரஞ்சு ஜாக்கெட்.
நட்டநடுவில் உட்காரச் சொன்னார் மாதப்பன்.
ஓரத்தில் ஒற்றை ஆள் உட்கார்ந்தால்
பரிசல் வட்டமடித்துக்கொண்டே இருக்குமாம்.
"கூட யாரும் வரலையா?"
"வந்திருக்க வேண்டியவ வேற தண்ணிக்குப் போயிட்டா."
துடுப்பு நின்றுவிட்டது.
அவர் முகத்தைப் பார்த்துப் பதறி
"ஜெர்மனிக்குண்ணா" என்றேன்.
"அதானே" என்று தள்ளினார்.
கரும்பாறைகளுக்கிடையில் மேலிருந்து தூறல்.
சிக்னல் இல்லை.
கொஞ்ச நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்பது
யாருக்கும் தெரியவில்லை.
அது பிடித்திருந்தது.

மீன் பொரிக்கிற கடை வாசலில்
படங்கள் மொத்தமாக வந்து விழுந்தன.
கோபுரம். வெண்ணெய் விலை.
கறுப்புக் காடு என்கிறார்கள்,
ரயில் ஜன்னலில் முழுக்கப் பச்சை.
வாய்க்காலில் நனைந்த ஒற்றைக் காலணி;
கீழே, "சத்தியமா வேணும்னு வைக்கல."

கிருஷ்ணகிரி திரும்பும்போது இரவு பத்து.
ரவுண்டானாவில் மாம்பழம் ஏற்றிய லாரிகள்.
அங்கே இன்னும் வெயில்.
கடைசிப் படம் விடுதி அறை.
ஜன்னலோரக் கட்டிலில் அவள் துண்டு, சார்ஜர், சீப்பு.
மற்றதில், எனக்குப் பணம் கட்டியதில்,
ஒரு சுருக்கமும் இல்லாத வெள்ளை விரிப்பு.
அதன் நடுவில்
தொக்கு பாட்டில்.

ஆட்டோவுக்குக் காத்திருந்தபடி
மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தேன்.
பிறகு அனுப்பினேன்:
மூடியை இறுக்கி மூடு.
எண்ணெய் கசியும்.
என் கட்டில் அது.