எட்டாம் ஆள்

லான்காஸ்டரில் ஏழு பேருக்குத்தான் இடம்.
எட்டாவதாக என்னை ஏற்றினார்கள்,
மூன்று ஒலிபரப்புப் பெட்டிகளோடு.
குண்டுகளுக்கு மேலே, ஜன்னல் இல்லாத மூலையில்
உள்ளங்கை அகலத் திரை, அதில் ஒரு பச்சைக் கோடு.
விமானத்தின் முதுகில் ஆளுயரக் கம்பிகள் எதற்கென்று
விமானி டட்டில் கேட்கவில்லை.
கேட்கக் கூடாதென்று அவனுக்கும் உத்தரவு.
எட்டாம் ஆள், எட்டாத ஆள்.

லிங்கன்ஷயர் சேற்றில் என் பெயர் லெஸ்லி பாமர்.
பிரஸ்லாவில் வைத்தது லோத்தர் பெர்ல்மட்டர்.
சுட்டு வீழ்த்தப்பட்டால்
எந்தப் பெயரில் அழ வேண்டும் என்று
பயிற்சியிலேயே சொல்லித் தந்துவிட்டார்கள்.

வேலை எளிது.
கோட்டில் ஒரு முள் எழும்.
குமிழைத் திருகி அதன்மேல் போய் நிற்பேன்.
காதில் ஜெர்மன் விழுந்தால் விசையைத் தட்டுவேன்.
அதன்பின் அந்த அலைவரிசையில்
ஆயிரம் தகர டப்பாக்கள் மலையிலிருந்து உருளும்.
தரையிலிருப்பவன் "இடப்பக்கம்" என்பான்;
இருட்டில் பறப்பவனுக்கு "இட" வரைதான் போய்ச் சேரும்.
எனக்குத் துப்பாக்கி கிடையாது.
தாய்மொழி தெரியும் என்பது தகுதி.
அதைப் பேசவிடாமல் செய்வது பணி.

முதல் மாதம் எண்ணிக்கொண்டிருந்தேன்,
எத்தனை வாக்கியங்களைப் பாதியில் வெட்டினேன் என்று.
எண்ணியதும் ஜெர்மனில்தான்.

பிப்ரவரியில் ஓர் இரவு, எல்பா ஆற்றைத் தாண்டியதும்
முள் எழுந்தது. திருகினேன்.
பெண் குரல். சளி பிடித்த குரல்.
வேட்டை விமானி ஒருவனுக்குத் திசை சொன்னாள்,
இருமினாள்,
பிறகு, இறங்கும்போது கவனம், ஓடுபாதை முழுக்க லூஷ என்றாள்.

தேங்கிய மழைநீருக்கு
பெர்லினில் வேறு சொல், வியன்னாவில் வேறு.
லூஷ எங்கள் பக்கத்துச் சொல்.
காலணியோடு அதில் குதித்து
அடி வாங்கியவர்களுக்கு மட்டும் தெரிந்தது.

விரல் விசைமேல்தான் இருந்தது.
எய்ன்ஸ். ஸ்வை. ட்ரை.
இன்னொரு சொல் வருமா என்று காத்தேன்.
வந்தது. ஓர் எண்.
நாங்கள் பறந்துகொண்டிருந்த உயரம்.

தட்டினேன்.

வால் துப்பாக்கிக்காரன் ப்ரூடன் சொன்னான்:
பின்னால், வலப்பக்கம், ஒன்று எரிகிறது.
நேவிகேட்டர் ஐவர் நேரத்தைக் குறித்துக்கொண்டான்.
அது எவருடைய விமானம், எந்தக் குரல் கேட்டு,
என் மூன்று விநாடிக்கு முன்பா பின்பா,
அவன் வரைபடத்தில் அதற்குக் கோடு இல்லை.

விடிகாலையில் ரம் ஊற்றிய தேநீர், ஒரு படிவம்.
அலைவரிசை. நேரம். தடுத்தவை எத்தனை.
குறிப்பு என்றொரு கட்டம்.
பென்சிலை அங்கே கொஞ்சம் வைத்திருந்து எடுத்துவிட்டேன்.

வெளியே மழை விட்டிருந்தது.
முன்னால் போன ஐவர் கீழே கைகாட்டி
வெல்ஷில் ஏதோ சொன்னான்.
"உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள், பாமர்?"

சொன்னேன்.
தாமதமாய்த் திரும்பிய விமானம் ஒன்று
தலைக்குமேல் தாழ்ந்து கடந்தது.
"என்ன?" என்று காதருகே கையைக் குவித்தான்.

ஒன்றுமில்லை என்றேன்,
ஆங்கிலத்தில்.