வயதுச் சான்று

காஸ்பியன் காற்று காலையிலேயே
கதவை உதைத்துக்கொண்டிருந்தது.
மூன்றாவது டோக்கன்.
ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டேகால் நீளம்,
மேசையில் அடங்காமல்
இரு பக்கமும் தொங்கியது கம்பளம்.

வாங்கியவர் டென்மார்க்காரர், தோர்பென்.
பல் மருத்துவர் என்றது படிவம்.
விற்றவர் நுஸ்ரத், பழைய கோட்டைக்குள் கடை.
மாதம் இருமுறை இந்த மேசைக்கு வருவார்,
வந்தால் வாய் மூடமாட்டார்.
இன்று தொப்பியைக் கையில் வைத்துக்
கசக்கிக்கொண்டிருந்தார்.

மூலையில் ஆண்டு நெய்திருந்தது:
ஹிஜ்ரி ஆயிரத்து முந்நூற்று இருபத்து நான்கு.
கணக்குப் போட்டால் நூறு தாண்டும்.
பரிசுக் கோப்பையில் பொறித்த
தன் பெயரைக் காட்டுவதுபோல்
தோர்பென் அதைத் தொட்டுக் காட்டினார்.

அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்,
அவ்வளவு வயதான கம்பளம்
இந்த நாட்டை விட்டுப் போக முடியாதென்று.

புரட்டிப் போட்டேன்.
முகத்தைவிட முதுகைத்தான் நான் நம்புவது.
பத்து சென்டிமீட்டருக்கு நாற்பத்தைந்து முடிச்சு,
குறுக்கே நாற்பத்தாறு.
நல்ல கை. அவசரப்படாத கை.
ஆனால் நூல் பிசிறெல்லாம்
கேஸ் தீயில் பொசுக்கப்பட்டிருந்தது.
ஊசியால் ஒரு முடிச்சை விலக்கினேன்:
நுனியில் வெளிறிய செங்கல்,
வேரில் நேற்று உடைத்த மாதுளை.
ஈரக் கைக்குட்டையை அழுத்தித் தேய்த்தேன்.
பழுப்பு இறங்கியது.
முகர்ந்தேன்.
தேநீர்.

நுஸ்ரத் ஜன்னலைப் பார்த்தார்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் இல்லை என்பார்கள்.
இங்கே மெய் சொன்னாலும் பட்டினிதான்.
பழசு என்றால் கம்பளம் போகாது,
புதுசு என்றால் பணம் தங்காது.

படிவத்தில் ஏழாவது கட்டம்: நெய்த ஆண்டு.
பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.
விற்றவர் வாயால் சொல்ல வேண்டும், விதி அப்படி என்றேன்.
விதியில் அப்படி எதுவும் இல்லை.
எனக்குத்தான் வேண்டியிருந்தது.

"போன குளிர்காலம்," என்றார் கடைசியில்.
"கூபாவில். என் மைத்துனி குல்பெனிஸ்.
ஆண்டை நான்தான் காகிதத்தில் வரைந்து கொடுத்தேன்.
அந்த எண்கள் அவளுக்கு வாசிக்க வராது,
ஏதோ பூவென்று நெய்திருப்பாள்.
அப்புறம் மொட்டைமாடியில் இரண்டு மாத வெயில்.
ஒன்பது கிலோ தேயிலை."

கூட வந்த கல்லூரிப் பையன் மொழிபெயர்த்தான்.
ஒன்பது கிலோ என்ற இடத்தில்
சிரித்துவிட்டு, இருமினான்.

தோர்பென் கத்துவார் என்று நினைத்தேன்.
நெடுநேரம் அந்த ஆண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு என்னிடம், மிக மெல்ல:
"பழசு என்றே எழுத முடியாதா?"

எழுதினால் இங்கேயே கிடக்கும் என்றேன்.
"கிடக்கட்டும்."
தேநீர் குடித்த கம்பளத்தை
அருங்காட்சியகம் தொடாது என்றேன்.
"கிடக்கட்டும்.
ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்."

இருபத்திரண்டு வருடத்தில்
விலையைக் குறைக்கக் கெஞ்சியவர்கள் உண்டு,
அமைச்சருக்கு ஃபோன் போட்டவர்கள் உண்டு,
மேசைமேல் ஏறிப் படுத்துக்கொண்ட ஒருவரும் உண்டு.
என் பொருளைப் பிடுங்கிக்கொள் என்று
கேட்டவர் இவர் ஒருவர்தான்.

எழுதினேன்.
கைநெசவு. கம்பளி. புதியது.
வரலாற்று மதிப்பு ஏதும் இல்லை.
விலைக் கட்டத்தில்
ரசீதிலிருந்த முந்நூறை அடித்தேன்.
தோர்பென் உண்மையில் கொடுத்த நாலாயிரத்தை
நான் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொண்டேன்.
ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக முடிச்சுகள்,
ஒரு குளிர்காலம், ஒரு கூபாக்காரியின் முழங்கை.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் மனாத்.
முத்திரை விழுந்ததும்
இருவருமே அந்த எண்ணை
அடுத்தவன் ஜெயித்ததுபோல் பார்த்தார்கள்.

வெளியே நோட்டுகள் எண்ணும் சத்தம்.
பாதியில் நின்றது.
ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது,
நான்காவது டோக்கனைக் கூப்பிட்டுவிட்டேன்.

மதியம் நுஸ்ரத் திரும்பி வந்தார்,
ஃபிளாஸ்கும் இடை சிறுத்த இரண்டு கண்ணாடிக் குவளைகளுமாக.
ஒன்றும் பேசாமல் ஊற்றினார்.
செக்கச்செவேலென்று, நல்ல திடமாக.

ஒன்பது கிலோவில் மிச்சமா
என்று கேட்கவில்லை.
குடித்தேன்.