ஷிப்டு மாற்றக் குறிப்பு

டானெட்,
எண்ணெய் பார்த்தாயிற்று, டயர் பரவாயில்லை.
மற்றதை இரண்டாம் பக்கத்தில் எழுதி
வெயில் மறைப்பானுக்குள் மடித்துச் செருகியிருக்கிறேன்.
படித்ததும் கிழித்துப் போடு.

ஒரு நடைக்கு இருநூறு டன்.
பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன் இந்த லாரியை.
பில்பாராவின் பாதி மலையைக்
கப்பலுக்கு அனுப்பியவள் நான் என்று வைத்துக்கொள்.
"ஃபெரிட்டின் நாலு" என்றார் டாக்டர்.
நாலு டன்னா என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

இரும்படிக்கிற இடத்தில் ஈக்கென்ன வேலை
என்று கேட்பவர்கள் ஒருமுறை இங்கே வரட்டும்.
இந்தச் சுரங்கத்தில்
மூச்சு வாங்காமல் திரிவது ஈ மட்டும்தான்.

லாரி ஏணியில் பதினேழு படி.
பத்தாவது படியில் நின்று
தாதுரயிலை ரசிப்பதுபோல் நடிப்பேன்.
நேற்று நீயும் ரசித்தாய்.
ரயில் வராத நேரம் அது.

செவ்வாய்க்கிழமை பட்டினி கிடக்காமல் போ.
நன்றாகத் தண்ணீர் குடி, நரம்பு பிடிபடும்.
பையில் தொங்குவது
அடுப்பில் மறந்த டீயின் நிறத்தில் இருக்கும்.
ஒரே ஒரு கிராம் இரும்பு.
நம் பூட்ஸ் அடியில் தினமும் அதைவிட அதிகம் ஒட்டுகிறது,
ஆனால் அது உள்ளே போகாது.

ஊசி போட்டவள் லுஸ்விமிண்டா.
ஊசியைவிட அதிக நேரம் என் முகத்தைப் பார்த்தாள்.
எரிந்தால் சொல் என்றாள்.
கை வீங்கினால் சொல்,
அரித்தால், நெஞ்சு இறுகினால், தொண்டை அடைத்தால்
அந்த நொடியே சொல்.
அபூர்வம்தான், ஆனாலும் சொல்.
நான் தலையாட்டினேன்,
பல்லைக் கடித்துக்கொள்ளும் ரகத்தின் தலையாட்டல்.

பக்கத்து நாற்காலி ஜோசலின் அதைக் கண்டுகொண்டாள்.
சட்டைக் கையை உயர்த்தினாள்.
முழங்கை மடிப்பில் பழுப்பாக ஒரு தீவு.
நரம்பை விட்டுக் கசிந்த இரும்பு, நாலு வருஷமாயிற்று,
எந்தச் சோப்புக்கும் அசையவில்லை.
"வலித்தது. நர்ஸுக்கு வேலை அதிகம் என்று
வாயை மூடிக்கொண்டிருந்தேன்" என்றாள்.
ஐந்து நிமிஷம் கழித்து எனக்குச் சுருக்கென்றது.
கத்தினேன்.
ஒன்றுமில்லை, குழாய் மடங்கியிருந்தது.
லுஸ் எனக்கு நன்றி சொன்னாள்.

முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள்.
சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்காதே,
கொடுத்துவைத்த நேரம் அது, ஏ.சி. உண்டு.

மறுநாளே சிங்கமாவாய் என்று யாராவது சொன்னால் நம்பாதே.
மறுநாள் எனக்கு மூட்டெல்லாம் வலி,
காய்ச்சல் வரப்போகிறது போல ஒரு தலைபாரம்.
இரண்டு நாளில் போயிற்று.
வாரக்கணக்கில் எலும்பு வலித்தாலோ கால் துவண்டாலோ
பாஸ்பேட் பார்க்கச் சொல்லிக் கேள்.
அவசரப்பட்டு ரத்தம் கொடுத்தால் எண் பொய் சொல்லும்,
அவர்கள் சொல்லும் தேதி வரை பொறு.
எனக்கு மூன்றாம் வாரம் ஒரு காலை,
லாரியை எடுத்துக் குழியை ஒரு சுற்று வந்த பிறகுதான்
ஏணியில் நிற்கவில்லையே என்று உறைத்தது.

இன்னொன்று.
ஓட்டை வாளியில் எவ்வளவு ஊற்றினாலும்
ஒருநாள் அடி தெரியும்.
இரும்பு எங்கே போகிறது என்று டாக்டர் கேட்டார்.
மாதத்தில் ஒன்பது நாள் என்றேன், சுவரைப் பார்த்து.
பன்னிரண்டு மணி ஷிப்டு, கழிப்பறை மூன்று கிலோமீட்டர்,
இருக்கையில் கறுப்புத் துண்டு.
பதினோரு வருஷத்தில் அதை
முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.
இப்போது அதற்கும் வைத்தியம் நடக்கிறது.

நாம் ஒரே இருக்கையில் மாறி மாறி உட்காருகிறோம், டானெட்.
போன வாரம் நீ மறந்துவிட்டுப் போன துண்டும் கறுப்புதான்.
துவைத்து உன் லாக்கரில் வைத்திருக்கிறேன்.
ஐஸ் பெட்டி பாதி காலியாவதையும் பார்க்கிறேன்,
நானும் அப்படித்தான் கடித்து மென்றுகொண்டிருந்தேன்.

உன் டாக்டர் கேட்காமலும் இருக்கலாம்.
நீ சொல்.

இடது கண்ணாடி ஆடுகிறது, பணிமனையில் எழுதியாயிற்று.

கோரலி