நான்காம் எண் அறைக்குத் தீ

விலை பேச ஹாலன் வாயைத் திறப்பதில்லை.
இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார்.
தொப் என்றால் உள்ளே தண்ணீர்.
டங் என்றால் கட்டுக்கு நாற்பது ரூபாய் கூட.

கோத்தகிரி விறகு டிப்போவில்
வெட்டுமுகம் ஒவ்வொன்றிலும் கன்னத்தை வைத்துப் பார்க்கிறேன்.
சில்லிட்டால் வேண்டாம்.
குதிகால் பித்தவெடிப்பு மாதிரி
நடுவிலிருந்து விளிம்புவரை கீறல் ஓடியிருக்க வேண்டும்.
“மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாக்குறியே”
என்கிறான் லோடு ஏற்றும் டேவிட்சன்.
மாப்பிள்ளையை இப்படிப் பார்க்கவில்லை, டேவிட்சன்.
பார்த்திருக்கலாம்.

சைப்ரஸ் பொரிந்து தெறிக்கும்;
விடுதிக் கம்பளத்தில் ஏற்கெனவே மூன்று ஓட்டை,
மூன்றும் என் சம்பளத்தில்.
பைன் பிசின் புகைபோக்கிக்குள் தார் ரோடு போடும்.
கற்பூர மரம் நன்றாகத்தான் எரியும்,
காய்ந்துவிட்டால் கோடாலிக்கு மசியாது.
தார்ப்பாய்க்கு அடியில் சோலை மரத்துண்டு ஒன்று கிடந்தது.
ஹாலனும் அதைப் பார்க்கவில்லை, நானும்.

சீகை போதும்.
புல்வெளியைத் தின்று தீர்த்துவிட்டு
இப்போது வெட்டச் சொல்லி உத்தரவு வாங்கியிருக்கிற
அதே சீகை.

நான்காம் அறையில் கரூர்க் குடும்பம்.
கொசுவலை வியாபாரம்.
கணப்பின் முன் குந்தியிருந்த அவர் கேட்டார்:
“நெருப்பு ஏம்மா கட்டையத் தொடாம நிக்குது?”

எட்டு வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை.
ஆர்கானிக் பேப்பரில் மூன்று முறை விழுந்தவள்
எழுந்து பதில் சொன்னேன்.

மரம் எரிவதில்லை, சார்.
முதலில் தண்ணீர் போகணும்.
அதுவரைக்கும் நீங்கள் காசு கொடுத்த சூடு
ஆவிக்குத்தான் சொந்தம்.
பிறகு மரம் உள்ளுக்குள் உடைந்து
மூச்சாக வெளியே வரும்.
எரிவது அந்த மூச்சு.
மஞ்சளாகத் தெரிவது இன்னும் எரிந்து முடியாத கரித்துகள்,
பட்டறையில் பழுத்த இரும்பு மாதிரி ஒளிர்கிறது.
மூச்செல்லாம் போனபின் மிஞ்சுவது கரி.
அது சுடரில்லாமல்,
சத்தமில்லாமல்,

அவர் மனைவி கொட்டாவி விட்டார்.
நிறுத்திக்கொண்டேன்.

பத்தரைக்கு மணி அடித்தது.
“உள் ரூம்ல பாப்பாவுக்குக் குளுருது.
அந்தக் கங்கை ஒரு சட்டியில அள்ளிக்
கட்டிலுக்குக் கீழ வையேன்.
புகையே இல்லியே இப்ப.”

அதுதான் சார்.
புகையே இல்லை.
புகை இருந்தால் இருமி எழுந்துகொள்வீர்கள்.
மூடிய அறையில் கங்கு விடுவதற்கு
மணமில்லை, நிறமில்லை.
ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காருகிற நாற்காலியில்
இருநூறு மடங்கு இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும்.
நமக்குத் தூக்கம் வருகிற மாதிரித்தான் இருக்கும்.

ஐநூறு ரூபாயை நீட்டினார்.
வெந்நீர்ப் பை இரண்டும் என்னுடைய ஸ்வெட்டரும் கொடுத்தேன்.
வரும்போது கூடத்து ஜன்னலை இரண்டு விரல் திறந்து
மறுபடி மூடிவிடாதபடி
சீகைச் சிம்பு ஒன்றைச் சந்தில் அடித்து இறுக்கினேன்.

அன்றிரவு சுவருக்கு இந்தப் பக்கம் விழித்திருந்தேன்.
இரண்டு மணிக்குக் குழந்தை இருமியது.
நாலரைக்குத் தண்ணீர் கேட்டது.
போதும்.

காலையில் போன் வழியே இரண்டு நட்சத்திரம் கொடுத்தார்கள்:
ஊழியர் அதிகம் பேசுகிறார், ஜன்னல் மூடவில்லை.
கிளம்பும்போது அவர் மட்டும் திரும்பி வந்து
எரியாமல் மிஞ்சிய கட்டை இரண்டை எடுத்து
ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார்.
டங்.
ஒன்றை டிக்கியில் போட்டுக்கொண்டார்.
கரூர் வெயிலில் எதற்கென்று நான் கேட்கவில்லை.

சாம்பலை அள்ளி வழக்கம்போல்
வாசல் ஹைட்ராஞ்சியாவின் இடது பக்கம் கொட்டினேன்.
அந்தப் பக்கம் மட்டும் நீலம் தவறி
பூ இளஞ்சிவப்பாகப் பூக்கிறது.
முதலாளி அதை வேறு செடி என்று
நினைத்துக்கொண்டிருக்கிறார்.